கேம் அடியிலா, தலையிலா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி (பின்னால் தட்டு உள்ள பிக்கப் வண்டி) வாங்கப் போகிறவர் முதலில் விலையைக் கேட்பார், அடுத்து குனிந்து துருவைப் பார்ப்பார். உள்ளே எந்த எஞ்சின் என்று கேட்பவர் குறைவு. 1990களின் ஹைலக்ஸில் 2.2 பெட்ரோல் என்றால் பானெட்டுக்குள் இருப்பது 4ஒய், 2.4 பெட்ரோல் என்றால் 22ஆர். ஒன்று 2237 சிசி, மற்றது 2366 சிசி. வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வராது. இரண்டிலும் நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, டைமிங் செயின், 1-3-4-2 என்ற ஒரே வெடிப்பு வரிசை. ஆனால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்ட் 4ஒய்யில் பிளாக்குக்குள், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குக்குப் பக்கத்தில் கிடக்கிறது. 22ஆரில் அது சிலிண்டர்களை மூடும் ஹெட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஓர் இடமாற்றம் எஞ்சினின் சத்தத்தை மாற்றுகிறது, பழுதை மாற்றுகிறது, ஹெட் கழற்றும் முறையை மாற்றுகிறது; வண்டி வைத்திருப்பவர் எதை நம்பிப் பராமரிக்க வேண்டும் என்பதையும் மாற்றுகிறது.

கேம் அடியில் இருந்தால், அதன் அசைவை நீண்ட கம்பிகள் மேலே கொண்டுபோகும்; அந்தக் கம்பிதான் புஷ்ராட். கேம் தலையில் இருந்தால் ஓவர்ஹெட் கேம். புஷ்ராட் எஞ்சினைக் காதால் பார்த்துக்கொள்ளலாம். ஓவர்ஹெட் கேம் எஞ்சினை, அதிலும் கேமைச் சுழற்றச் செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட் போட்டதை, காலண்டரால்தான் பார்த்துக்கொள்ள முடியும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறவர்களால்தான் நல்ல எஞ்சின்கள் ஸ்கிராப்யார்டுக்குப் போகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

புஷ்ராட் என்றால் பழசு, ஓவர்ஹெட் கேம் என்றால் புதுசு என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். 1912இல் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயை வென்ற பெஜோ காரிலேயே இரட்டை ஓவர்ஹெட் கேமும் சிலிண்டருக்கு நான்கு வால்வும் இருந்தன. மறுபக்கம், 2006இல் வந்த கார்வெட் இசட்06இன் 7 லிட்டர் எல்எஸ்7 எஞ்சின் புஷ்ராட்தான். 505 குதிரைத்திறன் தந்தது, 7,000 ஆர்பிஎம் வரை ஓடியது. டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் மூச்சு வாங்காமல் ஏறும் லாரிகளில் உள்ள கம்மின்ஸ் டீசல்கள் பலவற்றில் இன்றும் புஷ்ராட்தான். ஆகவே வயதை வைத்துப் பேசிப் பயனில்லை. கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் எத்தனை உருப்படிகள் இருக்கின்றன என்பதை வைத்துப் பேச வேண்டும்.

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. 6,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. புஷ்ராட் எஞ்சினில் கேமின் மூக்கு, லிஃப்டர் என்ற சிறு உருளையைத் தூக்கும். லிஃப்டர் புஷ்ராடைத் தூக்கும். புஷ்ராட் ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அழுத்தும். வால்வை மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. அது வால்வை மட்டும் இழுத்தால் போதாது, இத்தனை உருப்படிகளையும் சேர்த்து கேமோடு ஒட்டியே திரும்பக் கொண்டுவர வேண்டும். வேகம் கூடினால் இந்தச் சுமை வேகத்தின் வர்க்கத்தில் கூடும்: 5,000இலிருந்து 7,000க்குப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் தோற்கும். வால்வு கேமை விட்டு மிதக்கும். எஞ்சின் இழுப்பதை நிறுத்தி வெறுமனே இரையும். அங்கேயும் ஆக்சிலரேட்டரை விடாமல் மிதித்தால் புஷ்ராட் வளையும், இல்லை வால்வு பிஸ்டனைத் தொடும்.

கனமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் செய்வார்கள். செய்யலாம், ஆனால் அந்த அழுத்தம் முழுவதும் கேம் மூக்கின் மேல்தான் விழும், மூக்கு தேயும். இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. ராக்கர் விகிதம் 1.5 என்று வையுங்கள்: கேம் 6 மி.மீ. தூக்கினால் வால்வு 9 மி.மீ. திறக்கும். அதாவது புஷ்ராட் பக்கத்து உருப்படிகள் வால்வைவிடக் குறைவாகவும் மெதுவாகவும் நகர்கின்றன. புஷ்ராடில் உள்ள 100 கிராம், வால்வு பக்கம் ஏறக்குறைய 44 கிராமுக்குத்தான் சமம். அதனால் எடை குறைக்க விரும்புகிறவர் வால்விலும் ஸ்பிரிங் தொப்பியிலும் குறைக்க வேண்டும். புஷ்ராடை லேசாக்கப் போய் மெலிசாக்கினால் அது வில்லாக வளைந்து, வால்வு எப்போது திறக்கும் என்பதையே குழப்பிவிடும். புஷ்ராடுக்கு வேண்டியது விறைப்பு.

ஓவர்ஹெட் கேமில் இந்தச் சங்கிலி குறுகிவிடுகிறது. 22ஆரில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் ராக்கர் மட்டும். ஃபோர்டின் ரோகாமில் உருளை வைத்த ஒரு விரல். நம் ஊரில் ட்வின்கேம் என்றாலே நினைவுக்கு வருகிற டொயோட்டா கான்க்வெஸ்ட் ஆர்எஸ்ஐயின் 4ஏ-ஜிஇ எஞ்சினில் அதுவும் இல்லை. கேம் மூக்குக்கு நேர் கீழே கிண்ணம் போன்ற ஒரு பக்கெட், அதன் கீழே வால்வு. 7,000ஐத் தாண்டியும் அது கூசாமல் ஓடுவதற்கு இந்தக் குறுகிய வழி பாதிக் காரணம். மீதிப் பாதி மூச்சு: 81 மி.மீ. துளைக்குள் நான்கு வால்வு, நடுவில் ஸ்பார்க் பிளக். புஷ்ராட் ஹெட்டில் அந்த இடவசதி எளிதில் கிடைக்காது. கம்பிகள் ஏறிவர வழி விட வேண்டியிருப்பதால், காற்று உள்ளே வரும் துவாரத்தைப் பக்கவாட்டில் நெருக்கித்தான் வார்க்க வேண்டும்.

புஷ்ராடுக்கு அடிவேகத்தில் இழுவை அதிகம் என்று சொல்வார்கள். இழுவையைத் தீர்மானிப்பது சிசி, கேம் மூக்கின் வடிவம், உள்வழிக் குழாயின் நீளமும் அகலமும். புஷ்ராட் எஞ்சின் எப்படியும் உயர்வேகத்துக்குப் போகாது என்பதால் அதை வடிவமைத்தவர்கள் கேமையும் குழாயையும் அடிவேகத்துக்கு ஏற்றபடி அமைத்தார்கள். கம்பிக்கு அதில் பங்கில்லை. கடலோர டர்பனில் நன்றாக இழுத்த வண்டி ஜோஹன்னஸ்பர்க்கில் சோர்ந்துபோனால் அதற்கும் கேம் காரணமில்லை. அந்த ஊர் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் எதுவானாலும் அந்த அளவு இழக்கத்தான் செய்யும்.

இனி கைவேலை. புஷ்ராடைப் புரிந்துகொள்ள நிசான் 1400 பக்கியைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 1971இல் டாட்சன் 1200 என்று வந்து, 1400 ஆகி, ரோஸ்லின் ஆலையில் 2008 வரை கட்டப்பட்டது. அதன் ஏ14 எஞ்சின் 1397 சிசி. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், திருகி அமைக்கும் ராக்கர்கள். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் டேப்பெட் இடைவெளி, காற்று நுழையும் உள்வால்வுக்கும் புகை போகும் வெளிவால்வுக்கும் ஒன்றுதான்: எஞ்சின் சூடாக இருந்தால் 0.35 மி.மீ., ஆறியிருந்தால் 0.25 மி.மீ.

சூட்டில் ஏன் இடைவெளி கூடுகிறது? அலுமினியம், எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹெட் விரிந்து ராக்கர் ஷாப்டை மேலே தூக்கிக்கொண்டு போகிறது. எஃகுப் புஷ்ராட் அந்த அளவு நீள்வதில்லை. ஆறிய எஞ்சினில் 0.35 வைத்துவிட்டு, சூடானதும் தையல் மெஷின் போலச் சத்தம் வருகிறதே என்று புலம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான்.

செய்முறை: இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். நான்கு பிளக்கையும் கழற்றினால் கிராங்க் கைக்கு லேசாகச் சுழலும். ராக்கர் மூடியைக் கழற்றி, கிராங்க் புல்லியை ஓடும் திசையிலேயே திருப்பி மார்க்கைப் பிஸ்டன் உச்சியைக் காட்டும் குறிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். இப்போது 4ஆம் சிலிண்டரின் இரண்டு ராக்கரையும் பாருங்கள். புல்லியை முன்னும் பின்னும் சற்று அசைக்கும்போது அவை ஒன்று ஏற, ஒன்று இறங்க ஆடினால் 1ஆம் சிலிண்டர் அமுக்கத்தின் உச்சியில் இருக்கிறது. இந்த நிலையில் 1இன் இரண்டு வால்வும், 2இன் உள்வால்வும், 3இன் வெளிவால்வும் செட் செய்யலாம். கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் 4இன் இரண்டும், 3இன் உள்வால்வும், 2இன் வெளிவால்வும். எட்டும் முடிந்தது.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி இழுப்பதுபோல் சின்ன பிடிமானம் தெரிய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகு கொஞ்சம் கூடவே சுற்றும். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை கேஜை விட்டுப் பார்க்காமல் அடுத்த வால்வுக்குப் போகக் கூடாது. அதிக ஓட்டம் கண்ட எஞ்சினில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ராக்கர் முனையில் வால்வுத் தண்டு இடித்து இடித்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தட்டையான ஃபீலர் அந்தப் பள்ளத்தின் இரு விளிம்பில் பாலம்போல் உட்கார்ந்து 0.35 என்று காட்டும். உண்மை இடைவெளி 0.50கூட இருக்கலாம். எத்தனை முறை செட் செய்தாலும் ஒரே ஒரு ராக்கர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தால் திருகை விட்டுவிட்டு முனையை விரலால் தடவிப் பாருங்கள்.

மூடி கழன்றிருக்கும்போதே பிளக்குகளை மாட்டி, எஞ்சினை ஐட்லிங்கில் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. கொஞ்சம் எண்ணெய் தெறிக்கும், பரவாயில்லை. ஒவ்வொரு புஷ்ராடும் மேலும் கீழும் ஆடுவதோடு, மிக மெதுவாகத் தன் அச்சிலேயே சுழன்றுகொண்டிருப்பது தெரியும். லிஃப்டரின் அடிப்பாகம் லேசாகக் குவிந்தும் கேம் மூக்கு லேசாகச் சரிந்தும் கடையப்பட்டிருப்பதால் வரும் சுழற்சி அது. தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் காப்பாற்றுவதும் அதுதான். எட்டில் ஒன்று சுழலாமல் நின்றபடியே ஏறி இறங்கினால், அந்த லிஃப்டரும் அதன் கீழுள்ள கேம் மூக்கும் தேய ஆரம்பித்துவிட்டன. எஞ்சினைப் பிரிக்காமலே கேமின் உடல்நிலையைக் கண்ணால் பார்க்கிற இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்தது.

இதே காரணத்தால்தான் ஹெட் கழற்றும்போது புஷ்ராடுகளை ஓர் அட்டைப் பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைக்கச் சொல்வது. லிஃப்டரைக் கழற்றினால் அதையும் அதனதன் துளைக்கே திருப்பிப் போட வேண்டும். புதுக் கேமுக்குப் பழைய லிஃப்டர் கூடவே கூடாது. புதுக் கேம் போட்ட எஞ்சினை முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங்கில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். ஐட்லிங்கில் கேமுக்கு எண்ணெய் தெறிப்பது குறைவு, ஸ்பிரிங் அழுத்தமோ முழுசு. அந்த இருபது நிமிடத்தை அலட்சியப்படுத்தினால் புது மூக்கு அன்றைக்கே உருண்டையாகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்தத் தட்டை லிஃப்டர்களுக்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்பு அவசியம். இன்றைய கார்களின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கியைக் காப்பாற்ற, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸ் அளவுக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். 20டபிள்யூ-50க்கு அந்த வரம்பு பொருந்தாது. டர்பன் வெயிலுக்கும் 1400 பக்கிக்கும் 20டபிள்யூ-50 பொருந்திப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். புது வண்டிக்கு வாங்கிய விலையுயர்ந்த மெல்லிய எண்ணெயில் மிச்சமானதைப் பழைய பக்கிக்கு ஊற்றுவது அதற்குச் செய்யும் உபகாரம் ஆகாது.

4ஒய்யில் டேப்பெட் செட் செய்யும் வேலையே கிடையாது. ஹைட்ராலிக் லிஃப்டர்; உள்ளே எண்ணெய் அழுத்தத்தால் தானே இடைவெளியை மூடிக்கொள்ளும். இதே எஞ்சின் போட்ட டொயோட்டா சியாயா மினிபஸ் டாக்ஸிகள் அத்தனை கிலோமீட்டர் ஓடியதில் இதற்குப் பங்கு உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடி டிக் டிக் என்று தட்டி அடங்கினால் கவலை வேண்டாம், இரவில் வடிந்த எண்ணெய் திரும்ப நிறைகிறது. சூடான பிறகும் தட்டினால் எண்ணெய் அழுத்தத்தை மீட்டர் போட்டு அளந்த பிறகுதான் லிஃப்டருக்குக் காசு செலவழிக்க வேண்டும்.

புஷ்ராட் எஞ்சினின் செயின் ஒரு சாண் தூரத்தைக் கடக்கும் குட்டிச் செயின். தளர்ந்தால் முன்பக்கம் கரகரவென்று சொல்லும். ஏ14இல் பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரைச் சுழற்றுவது கேம் என்பதால், டைமிங் லைட் பிடித்தால் புல்லி மார்க் ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும். அறுந்துபோவதற்கு மாதக்கணக்கில் முன்பே அது புகார் செய்துவிடும்.

இதற்கு விலக்கு உண்டு, மறைக்கக் கூடாது. கார்ட்டினாவிலும் சஃபையரிலும் வந்த ஃபோர்டு எசெக்ஸ் 3.0 வி6, புஷ்ராட் எஞ்சின்தான். ஆனால் அதன் கேமைச் சுழற்றுவது செயின் அல்ல, ஃபைபர் பல்சக்கரம். சத்தம் குறைய வேண்டும் என்று அப்படிச் செய்தார்கள். வயதானால் ஒருநாள் பற்கள் மொத்தமாக உரிந்துவிடும். எஞ்சின் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நிற்கும். எசெக்ஸ் வைத்திருப்பவர்கள் உலோகப் பல்சக்கரத்துக்கு மாறுவது சரியான செலவு. கொஞ்சம் சீறும், சீறட்டும். எண்ணெய் பம்பைச் சுழற்றும் அறுகோணக் கம்பியின் முனைகளையும் அப்போதே பாருங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், அது நழுவினால் எண்ணெய் அழுத்தம் பூஜ்யம்.

இரண்டாவது விலக்கு இன்னும் முக்கியம். இடைவெளி கூடினால்தான் சத்தம் வரும். குறைந்தால் எஞ்சின் அமைதியாகிவிடும். தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006இல் நின்றது. இரும்பு ஹெட்டில் நேரடியாகவே வால்வு இருக்கை வெட்டப்பட்ட பழைய எஞ்சின்களில், ஈயம் தந்த பாதுகாப்பு போனபின், வெளிவால்வு தன் இருக்கைக்குள் மெல்ல மெல்லப் புதைகிறது. வால்வு மேலே ஏற ஏற டேப்பெட் இடைவெளி சுருங்கும். முழுசாக மூடாத வால்வால் தன் சூட்டை இருக்கைக்குக் கடத்த முடியாது. விளிம்பு எரிந்து, கேக்கில் ஒரு துண்டு வெட்டியதுபோல் ஓட்டை விழும். "என் எஞ்சின் இப்போது ரொம்ப அமைதி" என்று ஒருவர் சந்தோஷப்பட்டால், அண்ணா, ஃபீலரை எடுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். தட்டுகிற டேப்பெட் உடனே எஞ்சினைக் கொல்லாது. தட்டாத டேப்பெட்தான் வால்வை எரிக்கும்.

இப்போது தலையில் கேம் உள்ள எஞ்சின்களுக்கு வருவோம். 22ஆரில் கேம், ராக்கர், திருகு எல்லாம் மூடியைக் கழற்றினால் கண்முன்னே இருக்கும். சூட்டில் உள்வால்வுக்கு 0.20, வெளிவால்வுக்கு 0.30 மி.மீ. செட் செய்யும் முறையும் மேலே சொன்னதுதான். 4ஏ-ஜிஇயில் அப்படியல்ல. பக்கெட் மேல் ஷிம் என்ற வட்டத்தகடு. ஆறிய எஞ்சினில் உள்வால்வுக்கு 0.15 முதல் 0.25, வெளிவால்வுக்கு 0.20 முதல் 0.30. சரியில்லை என்றால் தகட்டை மாற்ற வேண்டும். கணக்கு எளிது: இருக்கும் தகட்டின் கனத்தோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். தகடு 2.70, அளந்தது 0.15, வேண்டியது 0.25 என்றால் புதுத் தகடு 2.60. பதினாறு வால்வுக்கும் எழுதி வைத்துக்கொண்டால், ஒரு வால்வில் கழற்றியதை இன்னொன்றுக்குப் போட்டே பாதியை முடிக்கலாம். ஒருமுறை செட் செய்தால் நெடுங்காலம் நிற்கும்.

எண்ணெய் தாமதம் இவற்றின் பலவீனம். பிளாக்குக்குள் இருக்கும் கேமுக்கு கிராங்க் சுழன்றதுமே எண்ணெய் தெறிக்கும். தலையில் இருக்கும் கேமுக்கு எண்ணெய் அடியிலிருந்து மேலேறி வர வேண்டும். எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக் கசடு சேர்ந்தால், முதலில் வறண்டுபோவது மிகத் தொலைவில் இருக்கிற கேம் தாங்கிதான்.

கேம் மேலே போனதும் செயினும் நீள வேண்டியதாயிற்று. 22ஆரின் செயினை இரு பக்கமும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் பிடித்திருக்கின்றன. அவை உடைந்தால் செயின் முன்மூடியின் உட்சுவரை ரம்பம்போல் அறுக்கும். அந்தச் சுவருக்கு அப்பால் ஓடுவது தண்ணீர். அறுந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்து பாலாகும். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று நினைத்துக் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி ஏமாந்தவர்கள் பலர். 22ஆரில் எண்ணெய் பாலானால் ஹெட்டைத் தொடுவதற்கு முன், ராக்கர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்து செயின் பள்ளத்துக்குள் பாருங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் முன்பக்கம் இரண்டு நொடி கடகடத்தால் அதுதான் எச்சரிக்கை. செயின் போட்ட எஞ்சின் இந்த மட்டும் பேசுகிறது.

பெல்ட் பேசாது. குறை சொல்வதற்கில்லை, லேசானது, மலிவானது, சத்தமில்லாதது. ஆனால் ரப்பருக்குள் இருக்கும் நூல் களைத்துப்போவதைக் காதால் கேட்க வழியில்லை, பல நேரம் கண்ணாலும் தெரியாது. பெரும்பாலான கார்களில் பெல்ட் மாற்றும் கெடு 60,000 முதல் 100,000 கி.மீ., அல்லது நான்கைந்து ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அது. வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் கார் 40,000தான் ஓடியிருக்கிறது என்று பத்து வருடப் பெல்ட்டை வைத்திருப்பது தவறு. கேம் சீல் கசிந்து எண்ணெய் பட்டால் அந்தக் கணக்கும் செல்லாது.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பது எஞ்சினைப் பொறுத்தது. முழுசாகத் திறந்த வால்வும் உச்சிக்கு வந்த பிஸ்டனும் ஒரே இடத்துக்குப் போட்டியிடாத எஞ்சின் என்றால், நின்றுபோகும், இழுத்து வந்து புதுப் பெல்ட் போட்டால் ஓடும். போட்டியிடும் எஞ்சின் என்றால் வால்வுகள் வளையும். நம் பிள்ளைகள் உயிராக நேசிக்கும் குஷேஷே, அதாவது பழைய பிஎம்டபிள்யூ 325i கார், அதன் எம்20 எஞ்சின் இரண்டாம் வகை. பெல்ட் போனால் வால்வு வளைவதோடு ராக்கர்களும் உடையும். வண்டியை வட்டமாகச் சுழற்றி ஸ்பின் அடிக்க எஞ்சினைக் கதறவிடும் முன் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1984 முதல் 2009 வரை இங்கே வந்த ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃபில் பெல்ட் மாற்றுவது பழகுவதற்கு நல்ல வேலை. கார்புரேட்டர் மாடலில் பெல்ட் மூன்று சக்கரங்களை இணைக்கிறது: கிராங்க், கேம், நடுவில் ஒரு துணை ஷாப்ட். டிஸ்ட்ரிப்யூட்டர் அந்தத் துணை ஷாப்டிலிருந்து சுழல்கிறது. கேம் மார்க்கையும் கிராங்க் மார்க்கையும் மட்டும் சரிபார்த்துத் துணை ஷாப்டை மறந்தால், வால்வு டைமிங் சரியாக இருந்தும் தீப்பொறி தப்பான நேரத்தில் விழும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. பெல்ட்டின் இறுக்கம் பார்க்க, கேமுக்கும் துணை ஷாப்டுக்கும் நடுவில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பெல்ட்டைப் பிடித்து முறுக்குங்கள். கால் சுற்று, அதாவது 90 டிகிரி, சிரமப்பட்டுத் திரும்பினால் சரி. சுலபமாகத் திரும்பினால் தளர்வு. திரும்பவே மறுத்தால் இறுக்கம் அதிகம், சில மாதத்தில் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரின் பேரிங் அழும்.

எந்தப் பெல்ட் எஞ்சினானாலும் மாட்டிய பிறகு ஸ்பானரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுத் திருப்பி மார்க்குகளை மீண்டும் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது முட்டி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், அங்கே பிஸ்டன் வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கேம் சக்கரத்தில் 40 பல் இருந்தால் ஒரு பல் தவறுவது கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. வண்டி ஓடும், ஆனால் ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறும்போது உயிரில்லாமல் ஏறும். தண்ணீர் பம்பையும் அதே பெல்ட் சுழற்றினால் பம்ப், டென்ஷனர், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஈஸ்டர் சமயத்தில், இசிபிங்கோ ரயில் என்ற இடத்து மாரியம்மன் கோயில் பக்கம் கார்கள் ஊர்ந்து நிற்கும் வெயிலில், ஃபேன் வேலை செய்யாத எந்த எஞ்சினும் கொதிக்கும். அதற்கு அடுத்த வாரம் ஹெட் கழற்றும் வேலை. இரண்டு வடிவமைப்பும் அதிகம் வேறுபடுவது இங்கேதான். புஷ்ராட் எஞ்சினில் ராக்கர் ஷாப்டைத் தூக்கி, எட்டுக் கம்பியை உருவி, போல்ட்டுகளைக் கழற்றினால் ஹெட் கையோடு வரும். கேமும் செயினும் அடியில் அப்படியே இருக்கும், டைமிங் ஒரு டிகிரிகூட மாறாது. 22ஆரில் கேம் சக்கரத்தைக் கழற்றும்போது செயினை மேல்நோக்கி இழுத்துக் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். விட்டுவிட்டால் டென்ஷனர் பிஸ்டன் வெளியே துருத்தும், பிறகு முன்மூடி முழுவதையும் கழற்றும் வேலை வரும். இன்னொன்று: ஹெட்டின் முன்முனையில், கேம் சக்கரத்துக்குக் கீழே தேங்கிய எண்ணெய்க்குள், முன்மூடியோடு இணைக்கும் ஒரு போல்ட் மறைந்திருக்கிறது. எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தால்தான் தெரியும். அதைக் கழற்றாமல் நெம்பினால் முன்மூடியின் காது உடைந்து கையோடு வரும்.

கொதித்த ஹெட்டைச் சமன் செய்யக் கடையில் கொடுக்கும்போது எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓவர்ஹெட் கேமில் ஹெட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் எடுத்தால் கேம் கிராங்குக்கு அரை மில்லிமீட்டர் நெருங்குகிறது. இழுக்கும் பக்கத்துச் செயின் அந்த அளவு தளர, கேம் சற்றுப் பின்தங்கும். ஒரு டிகிரி வாக்கில்தான். இரண்டு மூன்று முறை எடுத்த ஹெட்டில் மட்டும் உணரலாம். புஷ்ராடில், அதுவும் 4ஒய் போன்ற ஹைட்ராலிக் லிஃப்டரில், விளைவு வேறு. ராக்கர் கீழே இறங்கியதால் புஷ்ராட் நீண்டுபோனதற்குச் சமம். லிஃப்டரின் உட்பிஸ்டன் அடிவரை அமுங்கிவிட்டால் வால்வு மூடாது. புது கேஸ்கெட், சமன் செய்த ஹெட், எல்லாம் போட்டும் கம்ப்ரெஷன் இல்லையே என்று திகைக்கும் இடம் அது. எடுத்த கனத்துக்கு ஈடாக ராக்கர் தூண்களுக்கு அடியில் ஷிம் வைத்தால் சரியாகும்.

வி8 ஆட்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமல் முடியாது. செவ்ரலே லூமினா எஸ்எஸ்ஸின் 5.7 லிட்டர் வி8 அந்த பானெட்டுக்குள் அடங்கியதற்குக் காரணமே புஷ்ராட். ஒரே கேம், இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்தில். இதையே இரட்டை ஓவர்ஹெட் கேமாகச் செய்தால் நான்கு கேம், மீட்டர் கணக்கில் செயின், அகலமான இரண்டு ஹெட். எஞ்சினின் தலைக்கனம் கூடும், அகலம் கூடும். 1994 இண்டியானாபொலிஸ் 500 போட்டியில் விதிகள் புஷ்ராடுக்கு 3.43 லிட்டரும் 55 அங்குலப் பாதரச அளவு டர்போ அழுத்தமும் தந்தன. ஓவர்ஹெட் கேமுக்கு 2.65 லிட்டரும் 45 அங்குலமும்தான். இல்மோர் நிறுவனம் புஷ்ராடைக் குட்டையாக்கி அந்தப் போட்டிக்கென்றே ஒரு மெர்சிடீஸ் எஞ்சின் செய்தது, அல் அன்சர் ஜூனியர் அதில் வென்றார். கம்பி குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் புஷ்ராடும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர், விற்பவரிடம் முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டின் முதல் பத்து நொடி 1400, 4ஒய், 22ஆர் மூன்றைப் பற்றியும் நிறையச் சொல்லிவிடும். பெல்ட் போட்ட சிட்டி கோல்ஃப், டொயோட்டா டாஸ், 325i என்றால் அந்தப் பத்து நொடியால் பயனில்லை. பெல்ட் மூடியில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டிய ஸ்டிக்கரைத் தேடுங்கள். ஸ்டிக்கரோ பில்லோ இல்லையென்றால் பெல்ட் செட்டின் விலையையும் கூலியையும் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த அந்த வாரமே, நீண்ட பயணம் எதற்கும் எடுக்காமல், பெல்ட்டை மாற்றிவிடுங்கள்.